தங்கவேலுக்கு விழுந்த பாடு

என் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. முள் எடுத்துச் சாப்பிடக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவரைத்தான் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவராகப் போட்டார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்?

பதினெட்டு வருஷம் வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாட்சி நூல்களைப் பாடம் சொன்னவர் அவர். ராஜா எப்படி இருக்க வேண்டும், நியாயம் என்றால் என்ன என்று பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். உலாந்தாக்காரர், அதுதான் கோட்டையில் இருக்கும் டச்சுத் துரைமார், அவர்களில் இரண்டு பேர்கூட வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்துல் ஹை என்று அவர் பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, உஸ்தாத், அதுதான் வாத்தியார், என்றால்தான் தெரியும்.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் குப்பத்தில் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். விழுந்த இடம் அந்த வீட்டின் பாடு. அந்த வருஷம் சீட்டில் கள்ளத்தனம் என்று கோட்டைக்குப்பத்தில் அடிதடி, தங்கவேல் என்ற வலைக்காரனுக்கு வலது கை முறிந்தது. அதனால்தான் குப்பத்துப் பெரியவர் எல்லப்பன், படித்தவர், எந்தப் பக்கமும் சேராதவர் என்று என் வீட்டுக்காரரை வந்து கூப்பிட்டார்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சீட்டே வேண்டாம் என்றுவிட்டார்.

"குருட்டு அதிர்ஷ்டம் நியாயம் ஆயிடுமா ரோஷன்? யாருக்குத் தேவை அதிகமோ அவங்களுக்கு நல்ல இடம். நூலெல்லாம் அதைத்தான் சொல்லுது" என்றார் என்னிடம்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன் கொட்டும் இடத்தைக் கை முறிந்த தங்கவேலுக்கே கொடுத்துவிட்டு வந்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெருநாள் பிறை கண்டவர் மாதிரி! எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாளிலிருந்து தங்கவேலின் பெண்சாதி முத்தம்மாள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் மீன் கொண்டுவருகிறவள். என் இரண்டாவது பிரசவத்தில் என் தலைமாட்டை விட்டு நகராதவள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குப்பத்துக்கே போய்விட்டேன்.

"இன்னாடி, நல்ல இடம் கெடைச்சதும் எங்க நெனப்பு போயிடுச்சா?" என்று சண்டைக்குத்தான் நின்றேன். அவள் அழுதுவிட்டாள்.

"தண்ணி மொள்ளப் போனா ஒருத்தியும் பேசறதில்ல பீவிம்மா. உஸ்தாத் போட்ட பிச்சைனு சொல்றாங்க. சீட்டுல வந்தா அது சாமி குடுத்தது, யாருக்கும் நாங்க தலை குனிய வாணாம். இப்ப மீனோட உங்க வாசல்ல வந்து நின்னா, வாங்கினதுக்குக் கைம்மாறுனு பேசுவாங்க. ஒத்தைக் கையோட இருக்கற எங்க ஊட்டுக்காரருக்குக் கூட வலை புடிக்க ஒருத்தனும் வரல, எங்க வலை தண்ணியில எறங்கி நாலு நாளாச்சு."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த நூலை மூடி வைத்தார்.

"பதினெட்டு வருஷமா நான் தப்பாவா பாடம் சொன்னேன்?"

"பாடம் சரிதாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்லை."

வேறு சமயமாக இருந்தால் நன்றாகக் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு மனசு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குப்பத்தார் எல்லாரும் இருக்கும்போது அவர் எல்லப்பனிடம் சொன்னார்: "தப்பு என் மேலதான். சீட்டே எடுங்க. சீட்டுப் பானையை நான் புடிச்சுக்கறேன். என் கண்ணை நீங்களே கட்டிடுங்க, அப்புறம் யாரும் யாரையும் சந்தேகப்பட வேணாம்."

எல்லப்பன் தன் துண்டாலேயே கட்டினார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அடையாளம் கீறிய சிப்பிகள் பானைக்குள் இருந்தன. தங்கவேல் இடது கையை விட்டு ஒன்றை எடுத்தான். ஓரத்துச் சேற்றுப் பாடு! ஏரியிலேயே அதைவிட மோசமான இடம் கிடையாது.

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த நான் ஒரு முறை முறைத்தேன். மூடிக்கொண்டார்.

"வுடுங்க உஸ்தாத், நம்ம கைராசி அப்படி!" என்று தங்கவேல் சிரித்தான். குப்பமே சிரித்தது. அதுவரை அவனோடு பேசாமல் இருந்தவன் ஒருவன் வந்து அவனுடைய வலையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவர் நடுவராக இருந்தார். ஒவ்வொரு வருஷமும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பானையைப் பிடித்தார். ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் சீட்டுக்கு மறுநாள் காலைதான். கோட்டை மணி அடித்து ஓயவில்லை, வாசலில் குரல்.

"பீவிம்மா, மீனு!"

கூடையில் நாலே நாலு மடவை. ஒவ்வொன்றும் என் விரல் நீளம்.

"இன்னாடி இது, பூனைக்கா?"

"எங்க சேத்துப் பாட்டுல புடிச்சது. வேணும்னா வாங்குங்க, இல்லாட்டி போங்க" என்றாள், தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் அவளைக் கூடையோடு கட்டிக்கொண்டேன்.

குழம்பு வைத்துப் போட்டேன். அவர் முள்ளும் சதையுமாகப் பிசைந்து தின்றார். கண்ணில் நீர் நின்றது.

"முள்ளு குத்திடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை ரோஷன். இன்னும் ஒண்ணு வை" என்றார்.