ஏழாம் பீப்பாயில் ஊற்றிய மிச்சம்

1
இந்தக் கதை ஒரு புட்டியிலிருந்து வந்தது. என் சமையலறை அலமாரியில் இருபத்தோரு ஆண்டுகளாகப் படுத்திருக்கும் சிவப்பு ஒயின். மற்றபடி எதையும் நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். அன்று மழை பெய்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். பெய்திருந்தால் என் மனைவி கிஸ்லேனின் செருப்பில் அவ்வளவு வெள்ளைத் தூசி இருந்திருக்காது.

2
முதல் தொடக்கம்: பிரான்ஸில், ஷினோனுக்குத் தெற்கே, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த ஒயின் நிலவறையில், இரண்டு காதலர்கள்

(வேண்டாம். எங்களுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.)

இரண்டாம் தொடக்கம்: காரில் போகும்போது கிஸ்லேன், "எனக்கு ஒரு குழந்தை வேணும்னு தோணுது. உனக்கு?" என்று கேட்டாள். நான் சாலையைப் பார்த்தபடி

(இதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. பிறகு வருகிறேன்.)

3
திராட்சைத் தோட்டத்தின் சொந்தக்காரர் டெசெரோ, ஏழாம் பீப்பாய்க்குள் கண்ணாடிக் குழாயை இறக்கி, மேல்நுனியைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, எங்கள் கோப்பைகளில் விட்டார்.

"ருசி பாத்துட்டுத் துப்பறதுக்குத் தொட்டி கேக்காதீங்க. துப்பியே ஆகணும்னா பக்கத்துத் தோட்டத்துக்குப் போங்க. அவன் ஒயினுக்கு அதுதான் சரி."

கிஸ்லேன் சிரித்தாள். ஒயின் குளிர்ந்திருந்தது. சீவிய பென்சிலின் வாசனை, சின்னக் கசப்பு, வெகுநேரம் கழித்துப் பழம்.

"என்ன, மிச்சம் வச்சிட்டீங்க?" டெசெரோ கோப்பையை வாங்கி, மிச்சத்தைப் பீப்பாய்க்குள்ளேயே ஊற்றினார். இங்கே எல்லோரும் அப்படித்தான். "வீணாகாது. வசந்தத்துல பாட்டில்ல அடைக்கிறேன், உங்களுக்கே திரும்பி வரும்."

மிச்சம் வைத்தவள் கிஸ்லேன். வசந்தத்தில் அதிலிருந்து பன்னிரண்டு புட்டிகள் வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் அவள் பிரிந்துபோனாள். அந்தப் பீப்பாயின் முந்நூறு புட்டிகளிலும் அவள் உதடு பட்ட ஒயின் துளித்துளியாகக் கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பதினொன்றைக் குடித்துவிட்டேன். கடைசியைத் திறந்தால் அவள் தீர்ந்துபோவாள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

4
(மேலே உள்ளதைச் சரிபார்க்க நேற்று நாந்த் நகருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. கடைசிப் புட்டியைப் பற்றியும் சொன்னேன்.)

"மிச்சமா? நானா?" என்றாள் கிஸ்லேன். "நான் கிளாஸை நக்காத குறை. நீதான் பாதியில வச்ச."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கேட்டதுக்கும் பதில் சொல்லல, கிளாஸையும் காலி பண்ணல. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

நான் பேசவில்லை.

"பாரு, இப்பவும் அப்படியேதான் இருக்க. அந்த பாட்டிலை இன்னுமா வச்சிருக்க, பைத்தியம்? குடிச்சுத் தொலை. புளிச்சிருக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

5
மூன்றாம் பகுதியை அடிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாம் தொடக்கத்தை முடித்துப் பார்த்தேன்: நான் சாலையைப் பார்த்தபடி, "எனக்கும்தான்" என்றேன். (நல்ல வாக்கியம். பொய்.)

இன்னொரு முடிவில் புட்டியோடு நாந்துக்கு ரயில் ஏறுகிறேன். (அவள் கூப்பிடவில்லை.) இதைவிட நல்லது உங்களுக்குத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது இவ்வளவுதான்.

டெசெரோ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கொடிகளைப் பக்கத்துத் தோட்டக்காரரே வாங்கிக்கொண்டார். கிஸ்லேன் ஒரு பள்ளி ஆசிரியரை மணந்தாள். அவர்கள் மகள் அனூக்குக்குப் பதினாறு வயது. நான் இன்று மதியம் புட்டியைத் திறந்தேன். புளிக்கவில்லை. பாதி குடித்தேன்.