ஆறாவது போட்டு வாறன்

கீர்த்திகா ஐந்தாவது தரமாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். மணி ஏழு நாற்பது. எட்டரைக்கு நல்லூர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். சோதனை, சுன்னாகத்திலிருந்து போய்ச்சேர அரை மணித்தியாலமாவது வேண்டும். ஒழுங்கையில் தகப்பன் பிரகலாதன் மோட்டார்சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி இருந்தார். ஹோர்ன் அடிப்பதை அவர் போன வருடமே விட்டுவிட்டார். அடித்தால் அதற்கும் சேர்த்து ஒரு தரம் கூடும்.

தாய் கேதீஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையைச் சோதனை நாளிலும் இப்படி ஆட்டிவைக்கிறோமே. ஆனால் ஐந்து தரமும், பிள்ளை வாசலில் நின்று "போட்டு வாறன் அம்மா" என்று சொன்ன அதே கணத்தில், அவள் கண்ணுக்குள் அந்த டிப்பர் லொறி வந்து நின்றது. டிப்பரோடு சேர்ந்து வந்த போட்டு வாறன் செல்லாது. செல்லாததை நம்பிப் பிள்ளையை றோட்டுக்கு விடுவதா? ஒவ்வொரு தரமும் திரும்பக் கூப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்து இருந்து முதலிலிருந்து தொடங்கவைத்தாள்.

எல்லாம் தம்பி மயூரதனோடு தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், தேத்தண்ணி குடித்துவிட்டு, "சரி அக்கா, நான் போறன்" என்றான். வீட்டைவிட்டு இறங்குகிறவன், போய்த் திரும்பி வருவதையும் சேர்த்துப் போட்டு வாறன் என்று சொல்லாமல், வெறுமனே போறன் என்று சொல்வானா? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கூப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை முழுக்க மீன் செதிள். எழும்பப் பஞ்சிப்பட்டு அப்படியே இருந்துவிட்டாள். அரை மணித்தியாலத்தில் மருதனார்மடத்தடியில் டிப்பர் அடித்து, அந்த இடத்திலேயே செத்துப்போனான். டிப்பர்க்காரன் பிணையில் வெளியே வந்துவிட்டான்; அவள் இன்னும் உள்ளேதான். அதற்குப் பிறகு மீன் வெட்ட அவள் உட்காரவேயில்லை.

முதலில் எல்லோரையும் ஒழுங்காகச் சொல்லவைத்தாள். சனம் அதை நல்ல பழக்கம் என்றது. பிறகு சொன்னால் மட்டும் போதாது, சொல்லும்போது தன் மனதில் கெட்டது வரக்கூடாது என்றாயிற்று. வரக்கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் முந்திக்கொண்டு வந்தது. பிரகலாதன் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்ரர் பிள்ளை பொறுமையாகக் கதைத்தது. நினைப்பது வேறு, நடப்பது வேறு. நீங்கள் நினைத்ததற்காக எந்த டிப்பரும் திரும்பி வராது. கேதீஸ்வரி எல்லாவற்றுக்கும் ஓம் போட்டாள். விளங்காமல் இல்லை. ஆனால் நூற்றில் ஒரு பங்கு டொக்ரர் சொன்னது பிழையென்றால்? மூன்று வருடமாக வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அது தன்னால்தான் என்றால், டொக்ரர் தந்த மருந்துக் குளிசையைப் போட்டு அதை நிற்பாட்ட எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? குளிசைகள் அலுமாரியில் அப்படியே கிடந்தன.

ஏழு ஐம்பது. பிரகலாதன் இறங்கி வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"இஞ்சரப்பா, பிள்ளை ரெண்டு வருசம் கிடந்து படிச்சது. இண்டைக்கு மட்டும் விடன்."

கேதீஸ்வரி மகளின் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வயதுக்கு அந்த முகத்தில் களைப்பு அதிகம்.

"வெளிக்கிடு பிள்ளை. ஒண்டும் சொல்லவேண்டாம்."

சொல்லிவிட்டு விறுவிறென்று கிணற்றடிக்குப் போனாள். பார்க்காவிட்டால் திரும்பக் கூப்பிடமாட்டோம் என்று ஒரு நம்பிக்கை. கிணற்றுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டிப்பர் வந்தது. வரட்டும் என்று நின்றாள். கேற் சாத்தும் சத்தம் கேட்டது. கிணற்றுக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மோட்டார்சைக்கிள் ஒழுங்கை திரும்பும் முடக்குவரை போவதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னாலும் முடிகிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அந்த அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

முடக்கில் சத்தம் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

பிள்ளை எதையாவது மறந்துவிட்டுப் போய்விட்டதோ என்று முன்னுக்கு ஓடினாள். கீர்த்திகா வாசற்படியில் இருந்தாள்.

"அம்மா, சொல்லாமல் போக எனக்கு ஏலாமல் கிடக்கு. நான் சொல்லாததாலை அப்பாவுக்கு ஏதும் நடந்தால்?"

கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். டொக்ரர் பிள்ளை சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. அதைத் தானே நம்பாதபோது பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது?

மணி எட்டு ஐந்து. பிரகலாதன் என்ஜினை நிற்பாட்டினார். கீர்த்திகா குனிந்து, சப்பாத்து நாடாவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.