இரண்டு நீலக் கோடுகள்

என் அண்ணன் வீட்டுச் சுவரில் இரண்டு நீலக் கோடுகள். இரண்டையும் போட்டவள் நான்தான். ஒன்று முட்டி உயரம், இன்னொன்று இடுப்பு உயரம், ஜன்னல் விளிம்புக்கு மேலே. இன்னும் இருபது வருஷத்தில் புயலடித்தால் கடல் வீட்டுக்குள் எதுவரை ஏறும் என்று காட்டுவது இந்தக் கோடு; வீடு வீடாக அளந்து போடுவது என் வேலை. ஜன்னல் விளிம்புக்குக் கீழே நின்றால் தரையை உயர்த்திக்கொண்டு இருந்துவிடலாம். மேலே போனால் வீட்டைக் காலி செய்து மேட்டுப் பக்கம் குடிபோக வேண்டும். காலி செய்ய வேண்டிய வீடுகளின் பட்டியல் நாலு மணிக்குள் எங்கள் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அளந்தபோது முட்டி. இன்று சரிபார்க்க வந்தால் இடுப்பு. அதே கருவி, அதே வீடு, அதே நான். மூன்று தடவை அளந்துவிட்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“போன தடவ முட்டி, இந்தத் தடவ இடுப்பு. அடுத்த தடவ கழுத்தா நாத்தனாரே?” என்றாள் அண்ணி.

“சும்மா இருங்க அண்ணி. நானே கொழம்பிப் போயிருக்கேன்.”

“நீ நல்லா கொழம்பு. நாங்க மூட்டை கட்டணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு.”

அண்ணன் கொத்தனார். தன் கையால் கட்டிய வீடு. செத்தாலும் நகர மாட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். சாப்பிட வந்தவன் மேல் கோட்டைப் பார்த்துத் தட்டைத் தள்ளி வைத்தான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. எங்கள் அளவெல்லாம் படகுத்துறைப் படியில் பதித்திருக்கும், உயரம் பொறித்த எண் கல்லிலிருந்துதான் தொடங்கும். அங்கே கோல் பிடிப்பது உதவியாள், நான் போய் வருஷமாகிவிட்டது. ஓடினேன். இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். புதுசாகப் பூசிய படியில், பழைய இடத்துக்கு இரண்டு படி மேலே, கல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“யாரு பாத்த வேல இது?”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “நான்தான். போன மாசம் படி பூசும்போது தூக்கி வெச்சேன். எழுத்தெல்லாம் அழிஞ்சிட்டு வந்துச்சு, பாவமா இருந்துச்சு.”

“அய்யோ அண்ணா! கல்லு ஏறினா கணக்குல உன் வீடு எறங்கிடும். உன்னையே நீ ஊரவிட்டு அனுப்பப் பாத்தியே!”

அண்ணி முகம் மலர்ந்தது. “அப்போ கீழ்க் கோடுதான் சரி? இருக்கலாமா?”

“இருக்கலாம்,” என்றேன். உயிரே வந்தது எனக்கு. அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருஷத்துக்கு முன் தண்ணீர் எட்டாத படியாகப் பார்த்துப் பதித்த கல் அது. எங்கள் கணக்கே அந்த நம்பிக்கையில் போட்டதுதான்.

“எழுத்து ஏண்ணா அழிஞ்சுது?”

“தெனமும் தண்ணியில முழுகிக் கெடந்தா அழியாதா?”

கடல் ஏறியதா, கரை இறங்கியதா, இரண்டுமா? எந்தக் கோடு சரி? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. குனிந்து கல்லைத் தொட்டேன். புது இடத்திலும் அடிப்பக்கம் ஈரம்.

அண்ணனும் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்பு வாளியை எடுத்தான். கீழ்க் கோட்டை அவனே அழித்தான்.