கிழக்குப் பக்க ஜன்னல்

மனித உரிமை ஆணையத்தின் விசாரணை அதிகாரி வீட்டில் கிழக்குப் பக்க ஜன்னல் காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று தெருவுக்குத் தண்ணீர் லாரியும் வராததால், அக்கம்பக்கத்தில் லாரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். உடைத்த தடயம் இல்லை, தூசி இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் அதே வெளிர் மஞ்சள் பூச்சோடு சுவர் நின்றது. அதிகாரியின் மனைவி தடவிப் பார்த்துவிட்டு, "திரைச்சீலையும் சேந்து போயிருச்சு. போன மாசம்தான் தைச்சேன்," என்றாள். கொத்தனார் வந்து சுவரை உடைத்தார். உள்ளே இன்னொரு சுவர் இருந்தது. அதையும் உடைத்தார். அதற்குப் பின்னாலும் சுவரைக் கண்டதும் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு, "இது நம்ம வேலை இல்லைங்க," என்று சொல்லிப் போய்விட்டார்.

யாருடைய வேலை என்று அதிகாரிக்குத் தெரியும். அந்தக் கோடையில் காவல் நிலைய லாக்கப்பில் ஒரு வெல்டர் மூச்சு முட்டிச் செத்துப்போனான். காவலில் இருப்பவன் உயிருக்கு அரசுதான் பொறுப்பு என்கிறது சட்டம். பொறுப்பைத் தட்டிக் கழித்தால் ஏனென்று கேட்கத்தான் ஆணையம். இறந்தவனின் அக்கா புகார் கொடுத்தாள். இடத்தைப் பார்த்துவர அதிகாரியை அனுப்பினார்கள். அறையில் ஜன்னலே இல்லை. உள்ளே நின்ற சற்று நேரத்தில் அவருக்கே மூச்சு முட்டி, வெளியே வந்துவிட்டார். அதிகாரியும் போலீஸிலிருந்து ஆணையத்துக்கு வந்தவர்தான்; அந்த நிலையத்து இன்ஸ்பெக்டர் பயிற்சிக் காலத்தில் அவருடைய அறைத்தோழர். டீ வரவழைத்தார், வீட்டில் எல்லோரையும் விசாரித்தார், உதவி என்று வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். அறையின் கிழக்கே போதிய அளவில் ஜன்னல் உண்டு என்று அதிகாரி அறிக்கை கொடுத்தார். ஆணையம் புகாரை முடித்துவைத்தது.

அதோடு மறந்தும் போயிருப்பார். ஆனால் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு.

"சண்டை போட வரல சார். அந்த ஜன்னல் வழியா வெளிய என்ன தெரியும்? கடைசியா என் தம்பி எதைப் பாத்துட்டு இருந்தான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல."

அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மரம் தெரியும்மா," என்றார்.

"காத்து வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றிதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

அதன்பின் கூடத்து ஜன்னல், சமையலறை ஜன்னல், கடைசியில் குளியலறையின் சிறு திறப்பு என்று ஒவ்வொன்றாகப் போயின. மீன் பொரித்தால் வாசனை மறுநாளும் வீட்டைவிட்டுப் போக மறுத்தது. பகலிலேயே விளக்கைப் போட்டுவிட்டு மனைவி கேட்டாள்: "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமலா வீடு இப்படி மூடிக்குது?"

சொன்னார். அவள் "மரம் வேற இருக்குன்னு சொன்னீங்களா அந்தப் பொண்ணுகிட்ட," என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அதிகாரி ஆணையத் தலைவரிடம் போய், தான் எழுதியது பொய் என்றார். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. நேரில் பார்த்தாலொழிய எதையும் நம்பாதவர். எல்லோரும் லாக்கப்புக்குப் போனார்கள். அறையில் சுவருக்குச் சுவர் ஜன்னல் இருந்தது. கிழக்கு ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை காற்றில் ஆடியது. வெளியே ஒரு மரம்கூட நின்றது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எழுதினது சரியாத்தானே இருக்கு? எதுக்குய்யா பொய்னு சொன்னீங்க?" என்று தலைவர் எரிந்து விழுந்தார். செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளக்கூட வழியில்லாமல் அதிகாரி நின்றார்.

மனைவியைச் சாட்சிக்கு அழைத்துவந்தார். அவள் திரையின் ஓரத்தைப் புரட்டி, "பச்சை நூல் பத்தல, இங்கேர்ந்து நீலத்துல தைச்சேன். இது என் வீட்டு ஜன்னல்," என்றாள். தலைவர் அவர்கள் வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு சுவராகக் கை வைத்துப் பார்த்தார். வெல்டர் இறந்த அன்று அந்த ஜன்னல்கள் லாக்கப்பில் இல்லை, வேறிடத்தில் இருந்தன என்று முடிவானது. இன்ஸ்பெக்டர் மீது வழக்குப் போட ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் அதற்கு அதிகாரம். அரசு இழுத்தடித்துப் பிறகு போட்டது. அதிகாரிக்கு வேலை போனது.

அவர் சலவைக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மரமும் இல்லையா?"

"அப்ப இல்லம்மா."

"சரி. இனிமே தெரிஞ்சு தூங்காம இருக்கேன். போங்க," என்றாள்.

வருடங்கள் போயின. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அந்த வீட்டில் புழுங்கியது. ஒருநாள் மனைவி, "கேட்டா ஜன்னலைத் திருப்பித் தருவாங்களா?" என்றாள்.

"தருவாங்க. நான் கேக்கல."

"அந்த லாக்கப்புல இப்பவும் யாராவது உள்ள இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க."

அவள் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அரிசி களையப் போனாள்.