ரயில் வராத பக்கம்

காகிதத்தில் வெயில். ஜன்னலுக்கு வெளியே மழை.

காகிதத்தில் செப்டம்பர், டோக்கியோவில் இன்னும் ஜூன். மாதப் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவளுக்குப் பருவம் எப்போதும் முன்னால் ஓடும். செர்ரிப் பூக்களை ஹீட்டருக்கு முன்னால் கால் நீட்டிக்கொண்டு வரைவேன். நிஜமாகப் பூக்கும்போது நான் மழைக்கோடு இழுத்துக்கொண்டிருப்பேன். எந்த மாதத்திலும் நான் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கூடக் காதல். அதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வயதில் தொடங்கினேன், இப்போது நாற்பத்திரண்டு. நான் படித்தது பெண்கள் பள்ளி என்பதைப் பேட்டிகளில் மட்டும் சொல்வதில்லை. பையன்களின் சட்டைக் காலர் எப்படி மடியும் என்பதை ரயிலில் திருட்டுத்தனமாகப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது ஓடுகிற கதையில் கோஹாரு என்று ஒரு பெண், டைச்சி என்று ஒரு பையன். பத்து வருடமாக இருவருக்கும் பதினேழு வயது. பத்து வருடமாக ஒரே ஒரு சொல் பாக்கி.

சுகி.

பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் அந்தச் சொல். யாருக்கு என்று இருக்காது. யாரை என்றும் இருக்காது. நூடுல்ஸுக்கும் அதே சொல், நாய்க்குட்டிக்கும் அதே சொல். இந்த வசதியை வைத்துக்கொண்டு இத்தனை காலம் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

டைச்சி சொல்வான். கோஹாரு நிமிர்ந்து, "எது? நூடுல்ஸா?" என்பாள். வாசகிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இல்லையென்றால் அவன் வாயைத் திறக்கும்போது ரயில் வந்துவிடும். பக்கம் முழுக்க ரயில். பக்கம் முழுக்கத் தடதட. அவன் சொன்னது அவளுக்குக் கேட்காது.

அந்த ரயில்களை வரைகிறவர் செகாவா, என் உதவியாளர். முகம், கண், கண்ணீர் எல்லாம் என்னுடையவை. மேஜை, மேகம், தண்டவாளம் எல்லாம் அவருடையவை. எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். நான் இருப்புக்கொள்ளாமல் எழுந்து நடக்கும்போதெல்லாம் என் தேநீர்க் கோப்பையை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தி வைப்பார்.

இந்த மாதத்தோடு அவர் போகிறார். வடக்கே கடலோர ஊர் ஒன்றில், ஓவியம் சொல்லிக்கொடுக்கிற வேலை. சொன்னபோது "நல்லது, நல்லது" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. மைப்புட்டி கவிழ்கிறது. கோஹாருவுக்கு ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. அழிக்கிறேன், வரைகிறேன், அழிக்கிறேன். அவர் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, ஊர் முழுக்கக் காதல் விற்றவளுக்கு.

பத்திரிகையிலிருந்து குராமோச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். என் கதையைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர். "சென்செய், இந்தத் தடவையும் ரயில் வந்துடட்டும். அந்தப் பொண்ணு காதுல விழுந்துட்டா கதை முடிஞ்சுடும்."

படம் வரைகிறவர்களையும் இங்கே 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆசிரியை என்று பொருள். நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. கதை முடிந்தால் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்ற பயம் எனக்கும் உண்டு. சரி, வரட்டும் என்றேன்.

இன்று அவருக்குக் கடைசி நாள். பிற்பகல். மழை விட்டுவிட்டுப் பெய்தது. செகாவா கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

நடைமேடை. மின்கம்பிகள். தண்டவாளத்தில் ஒவ்வொரு சரளைக்கல்லும் இருந்தது. வெயில் இருந்தது. ரயில் இல்லை.

"ரயில் எங்கே?"

"வரலை, சென்செய்."

"குராமோச்சி கத்துவார்."

"கத்தட்டும். பாவம் அந்தப் பையன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கதை, என் பையன், இவர் யார் பாவம் பார்க்க? பக்கத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன். டைச்சியின் வாயருகே வசனம் எழுதாத வெற்றுக் குமிழ். அதற்குப் பின்னால் வெறும் வானம். அவன் சொன்னால் இந்த முறை கேட்டுவிடும்.

அவர் பேனாக்களைத் துணியில் சுற்றினார். மேஜையைத் துடைத்தார். என் கோப்பையை உள்ளே நகர்த்தினார். வாசலில் குனிந்து ஷூவை மாட்டினார். என் பக்கம் திரும்பாமலே ஒரு சொல் சொன்னார்.

"பிடிச்சிருந்தது."

யாருக்கு என்று இல்லை. எதை என்றும் இல்லை.

"எது? நூடுல்ஸா?" என்றேன்.

பத்து வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நிமிர்ந்து கொஞ்சம் சிரித்தார். "ஆமா சென்செய், நூடுல்ஸ்தான்." தலை வணங்கினார். கதவு சாத்திக்கொண்டது.

அச்சில் அந்த வசனத்துக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நிஜத்தில் அது எவ்வளவு மட்டமான வசனம் என்று இன்றுதான் தெரிந்தது.

ஓடினேன். படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று எனக்கு முன்னால் உருண்டு போனது. கீழே அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். மழை சட்டென்று வலுத்தது.

"செகாவா, வசனத்துல ஒரு தப்பு."

அவர் உடனே பையைத் திறக்கப்போனார், பாவம். "எந்தப் பக்கத்துல?"

"பக்கத்துல இல்ல. நீங்க இப்ப சொன்னதுல. காலம் தப்பு. பிடிச்சிருந்தது இல்ல. பிடிச்சிருக்கு."

குடை பாதி விரிந்தபடி நின்றது. அவர் தோள் நனைந்தது. பிறகு மெதுவாக, கேலி துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார்.

"எது, சென்செய்?"

தப்பித்துக்கொள்ள எத்தனையோ பதில்கள் எனக்குத் தெரியும். எல்லாம் நான் எழுதியவைதான்.

"எனக்கு," என்றேன். மூச்சு வாங்கியது. "உங்களை."