செவிலிமேட்டு வெண்பனி

செவிலிமேட்டுப் பிள்ளைகள் இல்லத்தின்மேல் மட்டும் சித்திரை மாதத்தில் வெண்பனி கொட்ட ஆரம்பித்தது. பக்கத்து மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது, அதன்மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. டவுன் பஸ்கள் வாசலில் நின்று பயணிகளுக்கு வேடிக்கை காட்டிவிட்டுப் போயின. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். சர்பத் வியாபாரி ஷரீஃப் தள்ளுவண்டியை அங்கேயே கொண்டுவந்து போட்டு, பனியை வாரி நன்னாரி ஊற்றி விற்றார். ஐஸ் செலவு மிச்சமான சந்தோஷத்தில் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

அங்கே சமைத்துப்போட்டுப் பிள்ளைகளை வளர்த்துவந்த காந்தாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. முந்தின நாள்தான், பின்லாந்தில் ஐனோ என்ற பெண்ணும் அவள் புருஷனும் ஏழு வயது அனுவைத் தத்தெடுக்கச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் விழவேண்டியது இங்கே விழுகிறது, அவ்வளவுதான். காந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. பனியில் வெறுங்காலோடு நின்று தனக்குத்தானே சிரித்தாள்.

ஆனால் அனுவிடம் மூச்சுவிடவில்லை. இதற்கு முன்னும் இரண்டு குடும்பங்கள் அனுவைக் கேட்டன, பொம்மையெல்லாம் அனுப்பின, பிறகு மனம் மாறிவிட்டன. அப்போது குழந்தை நாள்கணக்கில் வாசல்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அது தாங்காது என்று காந்தாவுக்குத் தெரியும். மேலும் அவள் பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். தறியிலிருந்து அறுக்காத சேலையை இன்னாருடையது என்று சொல்வது அவர்கள் வீட்டில் ஆகாது. கோர்ட் உத்தரவு வராத பிள்ளையும் அவளுக்கு அப்படித்தான்.

"இன்னா காந்தாம்மா, வெள்ளையா கொட்டிக்கினே இருக்குது?" என்று அனு கேட்டாள்.

"ஐஸ் பேக்டரிலேர்ந்து பறந்து வருதுமா."

செவிலிமேட்டில் ஐஸ் பேக்டரியே கிடையாது. அனு வானத்தை ஒரு பார்வை, காந்தாவை ஒரு பார்வை பார்த்தாள்.

கேஸ் இழுத்தது. ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் பனி விடாமல் விழுந்தது. அனு பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் காந்தா வீடியோவில் ஐனோவுடன் பேசினாள், தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அங்கே ஊரே பனிப் பிரதேசம், ஆனால் வீட்டுக்குள் ஐனோவின் தலைக்குமேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. சீமைக்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம்போல என்று காந்தா விட்டுவிட்டாள்.

மறுபடி சித்திரை வந்தது, கோர்ட் உத்தரவும் வந்தது. இனி எந்த நாளும் அவர்கள் வரலாம். அந்த வாரம் பார்த்து அனுவுக்கு இருமல் பிடித்தது. மழைநாளில் தறியில் பூட்டிய பாவுநூல் ஈரம் கோத்தால் கீழே தறிப்பள்ளத்தில் கரிக்கங்கு வைத்து உலர்த்துவது நெசவு வீட்டு வழக்கம். காந்தாவின் கை யோசிக்காமல் அதையே செய்தது. கரியடுப்பு நிறையக் கங்கு போட்டுக் குழந்தை பக்கத்தில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் பனி நின்றுவிட்டது.

காந்தா உடனே ஐனோவுக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

"என் கையாலயே நெருப்பு வெச்சி அவங்க மனச கலைச்சிட்டேனே பாய்!"

"அட, அடுப்புக்கு பயந்து ஓடறவங்களா அவ்ளோ தூரத்துலேர்ந்து வருவாங்க? சும்மா இரும்மா," என்றார் ஷரீஃப். சொன்னாரே தவிர, அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மறுநாள் காலையில் அனு தலைவாரிக்கொண்டு தானாகவே வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். காந்தாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

உச்சி வெயிலில் ஒரு கார் வந்து நின்றது. குடை பிடித்தபடி ஐனோ புருஷனோடு இறங்கினாள். முகம் கறுத்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு, அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது. ஒரு வருஷமாகக் காஞ்சிபுரத்து வெயில் அவர்கள் வீட்டின்மேல் மட்டும் அடித்திருக்கிறது. தெருக்காரர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் குளிர்காய்ந்தார்களாம். விமானம் ஏறியதும் வெயில் நின்றுவிட்டது. ஆள் கிளம்பிவிட்ட வீட்டில் அதற்கு என்ன வேலை? பனியும் இங்கே அதே நேரத்தில்தான் நின்றது, அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அனு எழுந்திருக்கவில்லை. "பாத்துட்டு பூடுவீங்களா?" என்று கேட்டாள்.

ஐனோ புழுதியில் அப்படியே மண்டியிட்டாள். "பூடுவோம்மா. உன்ன கூட்டிக்கினு."

அனு போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. ஷரீஃப் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. கார் கிளம்பும்போது காந்தா சிரித்துக்கொண்டே கையாட்டினாள். அது வளைவில் மறைந்த பிறகுதான் அழுகை வந்தது. நன்றாக அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஆடி பிறந்ததும் நான்கு வயது சரத்குமாரின் கட்டிலைச் சுற்றி மட்டும் உப்புக்காற்று வீசியது. போர்வையை உதறினால் ஈர மணல் கொட்டியது. பார்க்க யாரும் கூடவில்லை. காந்தா மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு, பையனுக்கு நீச்சல் பழக்க ஆள் தேடினாள்.