மாமன் மடியும் ஆவுளியாவும்

அழகுசுந்தரம் கடல் உயிரியல் படித்து, தொண்டிக் கடலில் ஆவுளியாவைக் காப்பாற்றும் உத்தியோகத்தில் இருப்பவர். ஆவுளியா என்றால் கடற்பசு. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டிய ஜீவன். கரையொதுங்கிய ஒன்றைப் பார்க்கப் போய், தங்கை பாண்டீஸ்வரியின் கல்யாணத்தையே கோட்டை விட்ட மனிதர் இவர். இன்று ஒக்கூரில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். "இதுக்கும் வரலேன்னா எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளையை மடியில் வைத்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. சாதிக் அலி, தொண்டி மீனவர். எதற்கு அழைக்கிறார் என்று இவருக்குத் தெரியும். போன மாதம் வலையில் சிக்கிய ஆவுளியாவை, இவர் போய்ச் சேருவதற்குள் அவர் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டார். படம் எடுக்க முடியவில்லையே என்று இவருக்கு எரிச்சல். "இனிமே என்னையக் கேக்காம வலையில கத்தி வைக்கக் கூடாது" என்று கண்டித்திருந்தார். நல்லதுகூட நம் கையால் நடந்தால்தானே நமக்கு இனிக்கிறது!

"அண்ணே, இப்பவும் போனா?" பாண்டீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

சபையே பார்த்தது. அழகுசுந்தரம் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். 'அறுத்து விடுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீறிட்டது. சீர்த்தட்டு வைத்து, கறிச்சோறு சாப்பிட்டு, கைகழுவிய பிறகுதான் கொல்லைப்பக்கம் போய்ச் சாதிக் அலியை அழைத்தார்.

"தலையத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுச்சு சார். நீங்க சொல்லாம அறுக்க வேணாமேன்னு வலையப் புடிச்சுக்கிட்டே இருந்தோம். எத்தன தடவ கூப்பிட்டோம்! பாவம், மூச்சு அடங்கிருச்சு. படத்துக்கு வேணும்னு கரையில போட்டு வச்சிருக்கோம். எப்ப வாரீக?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அழகுசுந்தரத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாண்டீஸ்வரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "கடல்லருந்தா? அவசரம்னா கெளம்புங்கண்ணே. நீங்க வந்து உக்காந்ததே எனக்குப் போதும். இனி நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இனிப் போய் என்ன செய்ய?

"அவசரம் ஒண்ணுமில்லத்தா," என்றார். "அங்க எல்லாம் நல்லாருக்கு."